8கே எக்ஸ்போர்ட் 61 சதவீதத்தில் நிற்கிறது, புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்த் தேர்த் திருவிழாவை 8கே கேமராவில் எடுத்து, டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 12 நிமிடப் படமாக எடிட் செய்திருக்கிறீர்கள். எக்ஸ்போர்ட் போட்டால் ஒவ்வொரு முறையும் 61 சதவீதத்தில், கிராபிக்ஸ் கார்டின் மெமரி நிரம்பிவிட்டது என்று காட்டி நின்றுவிடுகிறது. எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் 8கேயின் 7680க்கு 4320 பிக்சல் என்ற அளவையே எடுத்துக்கொள்வதில்லை. மெஷினில் 32 ஜிபி ராம், 8 ஜிபி கார்டு. படம் யூடியூபில் ஏற வேண்டும், அடுத்த வாரம் கோயில் வாசலில் கட்டும் 20க்கு 10 அடி எல்இடி வாலிலும் (எல்இடிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டும் பெரிய திரை) ஓட வேண்டும். உங்கள் கேள்வியின் தலைப்பில் "எந்த செட்டிங் வைக்க வேண்டும்" என்று இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் 16 ஜிபி கார்டு ஒன்றின் விலையைப் போட்டு, நகையை வைத்தாவது வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. பதில்: வாங்க வேண்டாம். இந்தப் படம் இப்போது உங்கள் மேசையில் இருக்கும் மெஷினிலேயே வெளியே வரும்.

சாலிகிராமத்தில் 14 வருடமாக எடிட்டிங், ஃபினிஷிங் வேலை பார்க்கிறேன். படம் முடிந்த பிறகு கடைசிக் கோப்பை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன். விண்டோஸ் மெஷினில் ரிசால்வும் பிரீமியரும்தான் எனக்குக் கைப்பழக்கம். மேக்கில் வேலை செய்பவர்கள் கீழே நான் சொல்லும் அடிப்படைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மெனுப் பெயர்களைத் தங்கள் மெஷினில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொடுத்த தகவல்களிலேயே மிகவும் உபயோகமானது அந்த 61 தான். எக்ஸ்போர்ட் நிற்பதில் இரண்டு விதம் உண்டு. ஒரு தடவை 20இல், அடுத்த தடவை 75இல், இன்னொரு தடவை 40இல் என்று கண்ட இடத்தில் நின்றால், சூடு, மின்சாரம், டிரைவர் என்று மெஷினைத்தான் சந்தேகப்பட வேண்டும். எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில் நின்றால் பிரச்சினை பெரும்பாலும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கியிருக்கும் பட்டியில்) அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 12 நிமிடத்தில் 61 சதவீதம் என்றால் 7 நிமிடம் 19 விநாடி. அங்கே போய்ப் பாருங்கள். உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் "இரவுக் காட்சிகளில் கிரெயின் (இருட்டில் வரும் புள்ளி இரைச்சல்) அதிகம் இருந்ததால் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறது. தேர் நிலைக்கு வந்த பிறகு எடுத்த இரவுக் காட்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் ஊகம். டைம்லைனைப் பார்க்காமல் சொல்வதால் இதை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நின்றால் முதலில் டைம்லைனைத்தான் பார்க்க வேண்டும் என்பது மட்டும் ஊகம் இல்லை.

நாய்ஸ் ரிடக்‌ஷன் மேல் ஏன் சந்தேகம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7680ஐ 4320ஆல் பெருக்கினால் 3 கோடியே 31 லட்சத்துச் சொச்சம் பிக்சல். ரிசால்வ் உள்ளே கணக்குப் பண்ணும்போது ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே 32 பிட்டில், அதாவது 4 பைட்டில் வைத்துக்கொள்ளும். ஒரு பிக்சலுக்கு 12 பைட். அப்படியானால் ஒரே ஒரு ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 400 எம்பி. கேமரா கோப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கார்டுக்குள் விரிந்த பிறகு இந்த அளவுதான். டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரு ஃபிரேமை மட்டும் பார்த்து வேலை செய்வதில்லை. முன்னால் சில ஃபிரேம், பின்னால் சில ஃபிரேம் என்று சேர்த்து வைத்து, எது அசைவு, எது கிரெயின் என்று பிரிக்கிறது. அந்த எண்ணிக்கையை 5 என்று வைத்தால் முன்னால் 5, பின்னால் 5, நடுவில் 1, ஆக 11 ஃபிரேம். 11ஐ 400ஆல் பெருக்கினால் 4.4 ஜிபி. இது அந்த ஒரு வேலைக்கான கச்சாப் பொருள் மட்டுமே. அதற்கு மேல் அசைவைக் கணக்கிடும் வேலை, கலர் நோடுகள் (கலர் வேலையின் ஒவ்வொரு படி), க்ளோ என்ற ஒளிர்வு எஃபெக்ட் போட்டிருந்தால் அது, விண்டோஸே திரைக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு, பிரவுசர் திறந்திருந்தால் அதன் பங்கு எல்லாம் அதே 8 ஜிபிக்குள் அடங்கியாக வேண்டும். ரிசால்வ் உள்ளே மெமரியைச் சிக்கனமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதால் உண்மையான எண்ணிக்கை இதிலிருந்து கொஞ்சம் மாறும். ஆனால் எங்கே முட்டுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. இதே வேலையை 3840க்கு 2160இல் செய்தால் எல்லாம் நான்கில் ஒரு பங்கு. அதனால்தான் 4கேயில் எடிட் செய்யும்போது இந்தக் கிளிப் ஒரு தொந்தரவும் கொடுத்திருக்காது.

ஊகம் சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். 7 நிமிடம் 10 விநாடியில் இன் (தொடக்கக் குறி), 7 நிமிடம் 30 விநாடியில் அவுட் (முடிவுக் குறி) வைத்து அந்த 20 விநாடியை மட்டும் ரெண்டர் போடுங்கள். நிற்கும். பிறகு நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கும் நோடை மட்டும் அணைத்துவிட்டு அதே 20 விநாடியைத் திரும்பப் போடுங்கள். ஓடிவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அணைத்தும் நின்றால் அந்த இடத்துக் கிளிப்பின் மூலக் கோப்பைச் சந்தேகப்படுங்கள். கேமராவின் மெமரி கார்டிலிருந்து காப்பி பண்ணும்போது கெட்டுப்போன ஒரே ஒரு ஃபிரேம் முழு எக்ஸ்போர்ட்டையும் நிறுத்துவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால் அந்தக் கிளிப்பை மட்டும் மறுபடி காப்பி எடுத்துப் பாருங்கள்.

குற்றவாளி நாய்ஸ் ரிடக்‌ஷன்தான் என்றால், அந்த ஃபிரேம் எண்ணிக்கையை 5லிருந்து 2க்குக் கொண்டுவாருங்கள். கணக்கு 11 ஃபிரேமிலிருந்து 5 ஃபிரேமுக்கு இறங்கிவிடும். படத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவில், தீப்பந்த வெளிச்சத்தில், கூட்டம் அசைந்துகொண்டே இருக்கும் காட்சியில் 5 வைப்பதால் பெரிய ஆதாயம் கிடைத்ததாக என் கண்ணுக்கு இதுவரை தெரிந்ததில்லை. இது ரசனை சார்ந்த கருத்து, வேறு எடிட்டர் வேறு மாதிரி சொல்லலாம். அப்படியும் 5தான் வேண்டும் என்றால், அந்தக் கிளிப்புகளை மட்டும் டைம்லைனில் ரைட் கிளிக் செய்து ரெண்டர் இன் பிளேஸ் கொடுத்துத் தனித்தனியே புது வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு ஒரு கிளிப்பாகப் போட்டால் பெரும்பாலும் தாங்கும். அதன் பிறகு கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு அந்த இடம் சாதாரண வீடியோதான், கார்டுக்குப் பாரமே இல்லை.

அடுத்து எச்.264. இது உங்கள் மெஷினின் குறையே இல்லை. எச்.264 படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்யும். ஒரு ஃபிரேமில் எத்தனை கட்டம் வரை இருக்கலாம் என்பதற்கு லெவல் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். வெகுகாலம் உச்சமாக இருந்த 5.1, 5.2 லெவல்களில் அது 36,864 கட்டம். 4கே அதற்குள் அடங்கும். 8கேவுக்கு வேண்டியது 1,29,600 கட்டம். பின்னால் 6 வரிசை லெவல்களைச் சேர்த்து ஏட்டளவில் 8கேவுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் கிராபிக்ஸ் கார்டுகளில் இருக்கும் எச்.264 என்கோடர்கள் பெரும்பாலும் 4096 பிக்சல் அகலத்தோடு நின்றுவிட்டன. டிவி, போனில் இருக்கும் டிகோடர்களும் அப்படித்தான். அதனால் எப்படியாவது மல்லுக்கட்டி 8கே எச்.264 கோப்பு ஒன்றை எடுத்துவிட்டாலும் அதை ஒழுங்காக ஓட்டும் கருவியைத் தேடி அலைய வேண்டும். 8கே என்றால் எச்.265 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் என்எச்கே 2018 டிசம்பர் 1 அன்று 8கே சேனலைத் தொடங்கியபோது அவர்கள் எடுத்துக்கொண்டதும் எச்.265 தான். அதில் ஒரு ஃபிரேமுக்கு 3 கோடியே 56 லட்சம் பிக்சல் வரை இடமுண்டு, 8கே அதற்குள் அடங்கிவிடும். இதைப் படிக்கும் வேறு யாராவது ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்திருந்தால் ஒரு வார்த்தை: அதில் எந்தக் கோடெக் (சுருக்கும் முறை) போட்டாலும் 3840க்கு 2160க்கு மேல் வெளியே வராது. செட்டிங்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி எக்ஸ்போர்ட் முறைக்கு வருகிறேன். உங்களிடம் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். டைம்லைனிலிருந்து நேரடியாக யூடியூபுக்கு ஒரு எம்பி4, எல்இடிக்கு ஒரு எம்பி4 என்று எடுக்காதீர்கள். முதலில் முழுத் தரத்தில் ஒரு மாஸ்டர் கோப்பு எடுங்கள். மற்ற எல்லாமே அந்த மாஸ்டரிலிருந்து பிறக்கட்டும். நேரடியாக எம்பி4 எடுக்கும்போது மெஷின் ஒரே சமயத்தில் 8கே கேமரா கோப்பைப் பிரிக்கிறது, நாய்ஸ் எடுக்கிறது, கலர் போடுகிறது, எச்.265ஆகச் சுருக்கவும் செய்கிறது. இத்தனையும் அதே கார்டின் தலையில். மாஸ்டர் முறையில் கனமான வேலை ஒரு தடவைதான். பிறகு மாஸ்டரிலிருந்து எத்தனை அளவில் வேண்டுமானாலும் விறுவிறுவென்று எடுத்துவிடலாம். எல்இடிக்காரர் கடைசி நிமிடத்தில் போன் செய்து வேறு அளவு கேட்டால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதில்லை. கேட்பார், பெரும்பாலும் கேட்கத்தான் செய்வார்.

மாஸ்டருக்கு விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் என்ற கோடெக்கில் எடுங்கள். மேக் என்றால் புரோரெஸ் 422 எச்கியூ. இரண்டும் ஏறத்தாழ ஒரே கனம்தான். 8கே, விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 20 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் 12 நிமிடத்துக்குச் சுமார் 250 ஜிபி ஆகும். 400 ஜிபி காலியிடம் இருக்கும் எஸ்எஸ்டி ஒன்று இருந்தால் நிம்மதி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலும் எழுதலாம், ரெண்டர் மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து ஓட்டிப் பார்த்தால் திக்கித் திக்கித்தான் ஓடும், அதைப் பார்த்துப் படம் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். சிலர் டிபிஎக்ஸ் படவரிசையாக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படக் கோப்பாக, எடுக்கச் சொல்வார்கள். 10 பிட் டிபிஎக்ஸ் 8கேயில் ஃபிரேமுக்கு 130 எம்பிக்கு மேல் போகும். 12 நிமிடத்தில் 18,000 ஃபிரேம் என்றால் 2.4 டிபி ஆகிறது. சினிமா லேபுக்கு அது சரி, உங்களுக்குத் தேவையில்லை.

அந்த மாஸ்டரையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். 12 நிமிடத்தை நான்கு துண்டாக, மூன்று மூன்று நிமிடமாக, காட்சி மாறும் கட் இருக்கும் இடத்தில் இன், அவுட் வைத்துத் தனித்தனியே எடுங்கள். டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறும் இடம்) நடுவில் வெட்டிவிடாதீர்கள். துண்டு போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்பி4, எம்ஓவி கோப்புகளில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாக எழுதி முடித்த பிறகுதான் கோப்பில் சேரும். 98 சதவீதத்தில் கரண்ட் போனால் அந்த அட்டவணை இல்லை. டிஸ்க்கில் 200 ஜிபி கிடக்கும், எந்தப் பிளேயரிலும் திறக்காது. துண்டாக எடுத்தால் போவது ஒரு துண்டுதான். நான்கும் வந்த பிறகு புது டைம்லைனில் வரிசையாக அடுக்கி, சேரும் இடத்தில் ஒரு ஃபிரேம் கூடியோ குறைந்தோ இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். அந்தப் புது டைம்லைனில் கலர் எதுவும் போடக் கூடாது. கலர் மேனேஜ்மென்ட் ஆன் செய்து வேலை பார்த்திருந்தால் இங்கே அதை அணைத்துவிட்ட புதிய புராஜெக்ட்டாக வையுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே கலர் மாற்றிய படத்தை மறுபடியும் மாற்றி, முகமெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். சவுண்டைத் துண்டு போடாமல், முழுதாக ஒரே வேவ் கோப்பாக எடுத்து இந்த டைம்லைனில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் நடுவில் துண்டு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு டிக் சத்தம் வந்தாலும் காதில் குத்தும்.

யூடியூபுக்கு மாஸ்டரிலிருந்து எச்.265, 10 பிட், 7680க்கு 4320 எடுங்கள். 8கே, சாதாரண ஃபிரேம் வேகம், எச்டிஆர் இல்லாத படம் என்றால் விநாடிக்கு 80 முதல் 160 மெகாபிட் வரை வைக்கச் சொல்கிறது யூடியூபின் வழிகாட்டி. நான் 120 வைப்பேன். 12 நிமிடத்துக்குக் கோப்பு 10.8 ஜிபி வரும். தேர்க் கூட்டம், பறக்கும் பூ, புகை, வடம் பிடித்து இழுக்கும் நூற்றுக்கணக்கான கைகள் என்று உங்கள் படத்தில் நுணுக்கமான அசைவு அதிகம், அதனால் 160க்குப் போனாலும் தப்பில்லை. அதற்கு மேல் கொடுப்பதில் பலன் குறைவு. யூடியூப் எதைக் கொடுத்தாலும் தன் கோடெக்கில் மறுபடி சுருக்கித்தான் காட்டப்போகிறது. ஏற்றியவுடன் மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். முதலில் குறைந்த அளவுதான் தயாராகும், 8கே வரிசையில் கடைசி. அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். அதனால் கோயில் வாசலில் திரையிடும் அன்று காலையில் ஏற்றாதீர்கள். முந்தைய நாளே பிரைவேட்டாக ஏற்றிவிட்டு, 8கே தயாரான பிறகு பப்ளிக் ஆக்குங்கள்.

8கேயில் ஏற்றுவதால் பார்ப்பவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், அங்கே நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்ப்பார்கள், அதில் வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை ஓடும் தேர், அந்த மரச் சிற்பங்கள், இன்னும் 20 வருடம் கழித்து யாராவது நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய பதிவு. அதற்காகவே 8கே மாஸ்டரை இரண்டு டிஸ்க்கில் பத்திரமாக வையுங்கள். யூடியூப் பதிப்பு 4கேயாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. மாஸ்டர் 4கே ஆகிவிடக் கூடாது.

இப்போது எல்இடி வால். செலவும் குழப்பமும் அதிகம் வரும் இடம் இதுதான். 20க்கு 10 அடி என்றதும் பெரிய திரை, பெரிய ரெசல்யூஷன் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எல்இடி வாலில் அடிக்கணக்கு வேறு, பிக்சல் கணக்கு வேறு. வாடகைக்கு வருபவை பெரும்பாலும் அரை மீட்டர் சதுரப் பெட்டிகள். பி3.9 என்பார்கள். ஒரு எல்இடிப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 3.9 மில்லிமீட்டர் இடைவெளி. அப்படி ஒரு பெட்டியில் 128க்கு 128 பிக்சல் இருக்கும். 20 அடி என்றால் குறுக்கே 12 பெட்டி, 10 அடி என்றால் 6 பெட்டி. ஆக மொத்த வாலும் 1536க்கு 768 பிக்சல். 8கேயை விடுங்கள், நம் வீட்டு எச்டி டிவியைவிடவே குறைவு. நெருக்கமான பி2.6 கொண்டுவந்தால் பெட்டிக்கு 192க்கு 192, மொத்தம் 2304க்கு 1152. இதற்கு 8கே கோப்பு கொடுத்தால் வாசலில் வைத்திருக்கும் லேப்டாப் திணறுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இன்னொரு விஷயமும் கவனியுங்கள். வாலின் வடிவம் 2க்கு 1, உங்கள் படம் 16க்கு 9. அப்படியே போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும், அல்லது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், அதுவும் இல்லையென்றால் படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தேர் குண்டாகத் தெரியும். இந்த வாலுக்கு என்று தனி டைம்லைன் ஒன்று 1536க்கு 768இல் போட்டு, ஒவ்வொரு ஷாட்டையும் மேலே கீழே நகர்த்திக் கலசம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 8கேயில் எடுத்ததன் முழு ஆதாயமும் உங்களுக்கு இங்கேதான். எவ்வளவு உள்ளே போய் வெட்டினாலும் படம் உடையாது.

வாலுக்குத் தேவையான அளவில் எச்.264, 20 மெகாபிட் எடுத்தால் தாராளம். 12 நிமிடத்துக்கு 1.8 ஜிபி. இதே படத்தை 50 மெகாபிட்டில் எடுத்தால் 4.5 ஜிபி ஆகிவிடும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறவே ஏறாது. பென் டிரைவில் 64 ஜிபி காலியாக இருந்தாலும் கோப்பு பெரிது என்று மறுத்துவிடும். விழாக் கூட்டத்தின் நடுவில், மைக் சத்தத்தில், இதற்குக் காரணம் தேடும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது. எல்இடிக்காரரின் சாதனம் படிக்குமா என்று கேட்டுக்கொண்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யலாம், அதைவிட நல்லது கோப்பையே சிறிதாக வைத்துக்கொள்வது.

ரெசல்யூஷன் உண்மையிலேயே பெரிதாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. அங்கே ஒரு முறை நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு தொழில் கண்காட்சி. மூன்று புரொஜெக்டரைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே படமாகக் காட்ட வேண்டும். மொத்த அளவு 11520க்கு 1080. நான் வழக்கம்போல எக்ஸ்போர்ட் போடப் போனால் எச்.264 அந்த அகலத்தை ஏற்கவில்லை. எச்.265க்கு மாறினேன். என் கார்டின் என்கோடர் 8192 பிக்சலோடு நின்றுவிட்டது. சரி என்று மூன்று தனிக் கோப்பாக 3840க்கு 1080இல் எடுத்து, மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். முதல் நிமிடம் சரியாக இருந்தது. பிறகு நடுத் திரை இரண்டு ஃபிரேம் பின்தங்க ஆரம்பித்தது. ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போகும் கார், நடுவில் பாதி காணாமல் போய் மறுபடி வந்தது. இரவு பதினொன்றரைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. கடைசியில் ஹாப் என்ற கோடெக்கில் ஒரே கோப்பாக எடுத்தோம். கிராபிக்ஸ் கார்டு நேரடியாகத் தானே விரித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது அது. அகலமும் உயரமும் நான்கால் வகுபட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனைபோல. மேடைக் காட்சிக்காரர்கள் அதிகம் புழங்குவது. கோப்பு பூதாகரமாக வரும், விநாடிக்கு 150 எம்பி அளவுக்குப் படிக்க வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் போட்டபோது அதுவும் திணறியது. எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு விடியும்வரை ஒரு ஃபிரேம்கூடச் சிந்தாமல் ஓடியது. எங்கே, எந்தப் பெட்டியில், எந்த டிஸ்க்கிலிருந்து ஓடப்போகிறது என்று முதல் நாளே கேட்டிருந்தால் அந்த இரவு எனக்கு மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து ஓட்டப்போகிறவரிடம் பேசாமல் எந்த எக்ஸ்போர்ட்டும் போடுவதில்லை.

ஆகவே நீங்களும் இன்றே எல்இடி ஆபரேட்டருக்குப் போன் செய்யுங்கள். எத்தனை பெட்டி குறுக்கே, எத்தனை மேலே, பிட்ச் (புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு, லேப்டாப்பிலிருந்து ஓட்டுகிறாரா அல்லது பென் டிரைவை நேரடியாகச் செருகும் பெட்டியா என்று கேளுங்கள். அவருடைய புராசசர் (வாலுக்குப் படத்தை அனுப்பும் பெட்டி) 1920க்கு 1080 சிக்னலை வாங்கித் தானே வாலுக்குச் சுருக்கிக்கொள்ளுமா, அல்லது இடது மேல் மூலையிலிருந்து 1536க்கு 768 பிக்சலை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுமா என்பது அவர் அமைக்கும் விதத்தைப் பொறுத்தது. இங்கிருந்து அதை நான் சொல்ல முடியாது. நான் மேலே போட்ட பெட்டிக் கணக்கும் வழக்கமான அளவை வைத்துப் போட்டது, உங்கள் ஊருக்கு வருவது வேறாக இருக்கலாம். அதனால் ஒரு 30 விநாடிச் சோதனைக் கோப்பு எடுங்கள். சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு முழு வட்டம். வால் கட்டி முடித்தவுடன் அதை ஓட்டிப் பாருங்கள். நான்கு பக்கக் கோடும் தெரிந்து, வட்டம் வட்டமாகவே இருந்தால் உங்கள் படமும் சரியாக இருக்கும்.

கார்டு விஷயத்தில் கடைசியாக ஒன்று. 8கே வேலை மாதா மாதம் வரும் என்ற நிலை வந்தால் 16 ஜிபி கார்டு நியாயமான செலவுதான். அப்போதும் முதலில் நல்ல எஸ்எஸ்டி, கரண்ட் போனால் அரை மணி நேரமாவது தாங்கும் யூபிஎஸ், அதற்குப் பிறகுதான் கார்டு என்று வரிசை வைப்பேன். இந்த வாரத்துக்கு எதுவும் வாங்காதீர்கள், நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் 7 நிமிடம் 19 விநாடியில் என்ன கிளிப் இருக்கிறது, அதில் நாய்ஸ் ரிடக்‌ஷன் எந்த எண்ணிக்கையில் இருக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் நான் இங்கே இருப்பேன்.